அடுத்தவர் யார்?

2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. நாமக்கல்லில் சேலம் செல்லும் பேருந்துக்காகக் காத்திருந்த நாம், புழுதிக் காற்றுக்கு அஞ்சி ஒரு தேநீர்க் கடைக்குள் ஒதுங்கினோம். உள்ளே கல்லூரி வயதுடைய இளைஞர் மூவர் உரத்த குரலில் வழக்காடிக்கொண்டிருந்தனர். அரசியல் பேசுகிறார்கள் போலும் என்று எண்ணினோம். கூர்ந்து கேட்டபோதுதான் பொருள் கால்பந்து என்று தெரிந்தது. சென்னையின் எஃப்.சி. கழகத்தின் பயிற்சியாளர் ஓவன் காயில் விலகிவிட்டார். அடுத்தவர் யார் என்பதே வழக்கு.

ஒருவர், ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஒருவரைக் கொண்டுவர வேண்டும் என்றார். மற்றவர், நம் நாட்டுக்காரர் ஒருவருக்கே இம்முறை வாய்ப்புத் தர வேண்டும் என்றார். மூன்றாமவர், யார் வந்தாலும் முதல் ஐந்து ஆட்டங்களில் வெல்லாவிட்டால் அனுப்பிவிட வேண்டும் என்று முடித்தார்.

எதிர்ப் பலகையில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், வயதில் மூத்தவர், இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டிருந்தார். கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “ஏந்தம்பி, வர்றவர எத்தன நாளைக்கு விட்டு வெப்பீங்க?” என்று வினவினார்.

“செயிச்சா இருப்பாருங்ண்ணா. தோத்தா கெளம்ப வேண்டியதுதான்” என்று விடை வந்தது. மூவரும் சிரித்தனர். அவரும் சிரித்தார். பிறகு தம் அனுபவம் ஒன்றைச் சொன்னார். “டயர் சீக்கிரமே தேயுதுன்னு எங்க மொதலாளி அடுத்தடுத்து மூணு டிரைவர மாத்துனாரு. கடசீல பாத்தா, கோளாறு முன்னச்சுல.”

பேருந்து வந்துவிட்டது. ஆனால் அந்த முன்னச்சு நம் நினைவைவிட்டு அகலவில்லை.

அற்பமான வழக்கா?

பந்தை உதைக்கும் விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. அவ்விளைஞர்களுக்கு அக்கழகத்தில் ஒரு பைசா பங்கும் இல்லை. அவர்கள் பயிற்சியாளரை அமர்த்தப்போவதும் இல்லை, நீக்கப்போவதும் இல்லை. நாமக்கல்லிலிருந்து சென்னை நேரு விளையாட்டரங்கம் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஓர் இரவுப் பயணமும் ஒரு நாள் கூலியும் செலவிட்டால்தான் ஓர் ஆட்டத்தை நேரில் காண இயலும். இருந்தும், அக்கழகத்தின் மானத்தைத் தம் மானமாக எண்ணி அவர்கள் வழக்காடுகிறார்கள். ஆதாயம் எதுவும் கருதாத இந்தப் பற்று மதிக்கத்தக்கது. நம் காலத்தில் அரியதும்கூட.

எனினும் எந்தப் பற்றும் சோதிக்கப்பட வேண்டியதே. நாம் ஒன்றை நேசிக்கிறோம் என்பதாலேயே, அதற்காக உழைக்கும் மனிதரை நினைத்தபோது ஏற்றவும் நினைத்தபோது தூக்கி எறியவும் நமக்கு உரிமை வந்துவிடுகிறதா? இதுவே அன்று நம் மனத்தில் எழுந்த வினா.

ஒரு கழகத்தின் பதினோராண்டுக் கதை

வினாவுக்கு விடை தேடுமுன், அக்கழகத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

இந்தியன் சூப்பர் லீக் போட்டிகள் 2014ஆம் ஆண்டில் தொடங்கியபோது, இத்தாலியின் உலகக் கோப்பை வீரர் மார்க்கோ மட்டெராசி சென்னை அணியின் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு மீண்டெழுந்தது. அந்த ஆண்டுதான் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனே நகரில் ஆட நேர்ந்தது. அத்தனை இடர்களையும் கடந்து, 2015 டிசம்பரில் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் 3-2 என்னும் கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. பாதி வழியில் அவரை அனுப்பியிருந்தால் அக்கோப்பை கிடைத்திருக்குமா?

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் ஜான் கிரகரி. 2018 மார்ச்சில், பெங்களூரு அணியை அதன் சொந்த அரங்கிலேயே வீழ்த்தி இரண்டாம் கோப்பையைப் பெற்றுத் தந்தார். ஊரெல்லாம் புகழ்ந்தது. அடுத்த பருவத்தில் அதே கிரகரியின் பொறுப்பில், பத்து அணிகளுள் அவ்வணி பத்தாவதாக நின்றது. பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பதே புள்ளிகள். ஓராண்டுக்குள் அந்த மனிதரின் அறிவு மங்கிவிட்டதா? புகழ்ந்த வாய்கள் அதே மூச்சில் இகழ்ந்தன. 2019 நவம்பர் இறுதியில் அவர் விலகினார்.

அவருக்குப் பின் வந்தவரே ஓவன் காயில். பருவத்தின் நடுவில், சரிந்து கிடந்த அணியை ஏற்று, 2020 மார்ச்சில் இறுதியாட்டம் வரை இட்டுச் சென்றார். கோப்பை கைநழுவியது, ஆனால் இரசிகர் உள்ளத்தில் அவர் வெற்றி வீரரே. அவர் வேறு கழகத்துக்குச் சென்றார். சாபா லாஸ்லோ, போஜிதார் பந்தோவிச், தாமஸ் பிர்டாரிச் என ஐரோப்பியர் மூவர் அடுத்தடுத்து வந்து சென்றனர். மூவர் காலத்திலும் “காயில் இருந்தால் இப்படி நேருமா?” என்ற ஏக்கம் ஓயவில்லை. 2023ஆம் ஆண்டில் அவரே திரும்பி வந்தார். முதற்பருவத்தில் ஆறாம் இடம். அடுத்த சுற்றுக்கும் அணி தகுதி பெற்றது. அடுத்த பருவத்தில் பதின்மூன்று அணிகளுள் பதினோராம் இடம். ஏங்கி வரவேற்றவர்களே “போய்விடு” என்றனர். 2025ஆம் ஆண்டில் அவரும் சென்றார். கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்ட் மிராண்டா அப்பொறுப்புக்கு வந்தார்.

இடைக்காலப் பொறுப்பாளர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், பதினோராண்டுகளில் எழுவர். அவருள் ஒருவர் இருமுறை. இந்த வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? அதே கிரகரி முதலிடத்திலும் நின்றார், கடையிடத்திலும் நின்றார். அதே காயில் மீட்பராகவும் போற்றப்பட்டார், தவறாகவும் தூற்றப்பட்டார். அப்படியானால் வெற்றியும் தோல்வியும் ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் விளைபவை அல்ல. வீரர்களை வாங்குவோர், பணம் ஒதுக்குவோர், இளைஞரைப் பயிற்றுவிப்போர், காயம், காலநிலை, நல்லூழ் என எத்தனையோ கைகள் அதில் சேர்ந்துள்ளன.

அந்த ஆடி மாதத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. போட்டித் தொடரை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையே இருந்த பதினைந்தாண்டு ஒப்பந்தம் முடியவிருந்தது. புதிய ஒப்பந்தம் ஏற்படவில்லை. அதனால் 2025 ஜூலையில் தொடரே நிறுத்திவைக்கப்பட்டது. எந்தக் கழகம் எப்போது ஆடும், வீரருக்கு ஊதியம் கிடைக்குமா என்பதே ஐயமாயிருந்த நாள்கள் அவை. முன்னச்சு முறிந்து கிடக்க, நம் இளைஞர்களோ அடுத்த ஓட்டுநர் யார் என்று வழக்காடிக்கொண்டிருந்தனர்!

பலிகடா என்னும் வசதி

பயிற்சியாளரை நீக்குவதில் ஒரு வசதி உண்டு. அவர் ஒருவர் சென்றுவிட்டால், மற்றெவரும் விடை சொல்ல வேண்டியதில்லை. தகுதியற்ற வீரரை வாங்கியவர் யார், இளையோர் பயிற்சிக்குச் செலவிடாதவர் யார் என்னும் வினாக்கள் அத்துடன் அமுங்கிப்போகின்றன. ஊரின் குறையெல்லாம் ஓர் ஆட்டின் தலையில் ஏற்றப்பட்டு, அந்த ஆடு பாலைநிலத்துக்கு ஓட்டப்படுகிறது. இரசிகர்களின் கூக்குரல் உரிமையாளருக்கு எதிரானதுபோல் தோன்றினும், பல வேளைகளில் அது அவருக்கே உதவுகிறது. “மக்கள் விரும்பினர், நீக்கினோம்” என்று சொல்லிக் கைகழுவிக்கொள்ள அவருக்கு வழி பிறக்கிறது.

கடல் கடந்த ஒரு கதையும் இங்கே நினைவுகூரத் தக்கது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்துக்கு 1986 நவம்பரில் அலெக்ஸ் ஃபெர்குசன் பொறுப்பேற்றார். மூன்றாண்டுகள் கழிந்தும் ஒரு கோப்பையும் இல்லை. 1989ஆம் ஆண்டின் இறுதியில், அவருக்கு விடைகொடுக்கும் பதாகையை அரங்கிலேயே தூக்கிப் பிடித்தார் ஓர் இரசிகர். கழகம் அவரை நீக்கவில்லை. 1990இல் முதற்கோப்பை வந்தது. லீக் பட்டமோ 1993இல்தான் வந்தது. 2013இல் ஓய்வு பெற்றபோது, அவர் வென்ற லீக் பட்டங்கள் பதின்மூன்று. எல்லாமாகக் கோப்பைகள் முப்பத்தெட்டு.

விடைபெற்ற நாளில் அரங்கு நிறைந்த மக்களிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே: இடர்ப்பட்ட காலத்தில் தமக்குத் துணை நின்றதுபோல், இனி வரும் புதியவருக்கும் துணை நில்லுங்கள் என்பது. மக்கள் ஆரவாரித்தனர். புதியவரான டேவிட் மோயசுடன் ஆறாண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது. பத்து மாதங்கள் நிறையுமுன், 2014 ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். அடுத்த லூயி வான் கால் 2016 மே மாதத்தில் கோப்பை வென்ற இரண்டே நாள்களில் வேலையிழந்தார். அதன்பின் மொரினியோ, சோல்ஷேர், டென் ஹாக் என ஒவ்வொருவராக வந்து, ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டனர். மூன்றாண்டு பொறுத்ததன் கனியைக் கால் நூற்றாண்டு உண்ட கழகம் அது. பொறுமையின் பயனைத் தன் கண்ணால் கண்டவர்களுக்கே பொறுமை கைவரவில்லையெனில், அது எத்துணை அரிய பண்பு என்பதை உணரலாம்.

உள்ளூர் மாடு விலை போகாதா?

அந்த ஆடி மாதத்திலேயே மற்றொரு தேர்வும் நடந்தது. இந்திய அணிக்குப் புதிய பயிற்சியாளர் வேண்டியிருந்தது. நூற்றெழுபது விண்ணப்பங்கள் வந்தன. இறுதி மூவருள் இருவர் அயல்நாட்டினர், ஒருவர் இந்தியர். 2025 ஆகஸ்டு முதல் நாள், காலித் ஜமீல் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2012க்குப் பிறகு, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அப்பதவிக்கு ஓர் இந்தியர் வந்தார். மிசோரம் மாநிலத்தின் சிறிய கழகமான ஐசாலை 2017ஆம் ஆண்டில் தேசிய லீக் பட்டம் வெல்லச் செய்தவர் அவர். அந்த வெற்றிக்குப் பின்னும் நாட்டின் முதற்பொறுப்பு அவரை வந்தடைய எட்டாண்டுகள் ஆயின. உள்ளூர் மாடு விலை போகாது என்று நம் சந்தைகளில் சொல்வது பொய்யில்லை.

அயல்நாட்டவரை நாம் குறைத்துச் சொல்லவில்லை. சென்னைக்கு இரு கோப்பைகளையும் பெற்றுத் தந்தவர்கள் அயல்நாட்டினரே. ஆயினும், நம்மவர் என்றாலே மாற்றுக் குறைவு என்று எண்ணும் மனம் ஆராயத்தக்கது. இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர், சையத் அப்துல் ரஹீம். அவரது பயிற்சியில் 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வந்தது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று இந்தியா தோற்றது. நம் தேநீர்க் கடை இளைஞர்களின் அளவுகோலின்படி, ரஹீமின் கதை அன்றே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவரது அணி நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை வென்று மீண்டும் தங்கம் வென்றது. அப்போது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. மறு ஆண்டு காலமானார். அதன்பின் இன்றுவரை அத்தங்கம் இந்தியக் கால்பந்துக்குக் கிட்டவில்லை.

காலித் ஜமீலுக்கோ சில வாரங்களுக்குள்ளேயே இரு முகங்களும் காட்டப்பட்டன. 2025 செப்டம்பரில் மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் ஓமனை வென்று இந்தியா மூன்றாமிடம் பெற்றது, “நம்மவர் அன்றோ!” என்றனர். அக்டோபரில் சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் தோற்றது. 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பும் போயிற்று. உடனே “அடுத்தவர் யார்?” என்று தொடங்கிவிட்டனர். ஆண்டுக்கணக்கில் அழுகிய வேர் இரண்டு மாதங்களில் தளிர்க்கவில்லை என்று மரத்தைச் சினந்து பயன் என்ன?

எதுவரை பொறுப்பது?

அப்படியானால், எவர் வந்தாலும் எப்படி நடத்தினாலும் வாய்மூடி இருக்க வேண்டுமா? இல்லை. பொறுமை என்னும் பெயரில் சோம்பலும் அச்சமும் ஒளிந்திருக்கலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை நம் பகுதியினர் யாவரும் அறிவர். இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் அவை. அறுநூறு அடி துளைத்தும் நீர் வரவில்லை. தோட்டக்காரர் கலங்கி நிற்கிறார். இன்னும் நூறடி போவதா, வேறிடம் பார்ப்பதா? ஆழம் போகப் போகச் செலவு ஏறுகிறது. ஆனால் ஐம்பதடிக்கு ஒரு புள்ளி என்று தோட்டமெங்கும் துளையிட்டாலும் நீர் கிட்டாது. அனுபவமுள்ளவர் அடியின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. மேலே வரும் மண்ணை எடுத்துப் பார்க்கிறார். ஈரம் இருக்கிறதா, பாறை மாறுகிறதா என்று விரலால் தேய்த்துப் பார்க்கிறார்.

தலைவரை மதிப்பிடுவோரும் அவ்வாறே மண்ணைப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் முடிவு வெறும் எண். இளைய வீரர் வளர்கின்றனரா? தோற்றபோது அவர் பழியை வீரர் தலையில் சுமத்துகிறாரா, தாமே ஏற்கிறாரா? விருப்பு வெறுப்பின்றி அணியைத் தெரிவு செய்கிறாரா? நேற்று செய்த பிழையை இன்று திருத்துகிறாரா? இவற்றுக்கு ‘ஆம்’ என்பது விடையானால், இன்னும் நூறடி பொறுப்பதே அறிவு. ‘இல்லை’ என்பது விடையானால், வெற்றிகளுக்கு நடுவிலும் மாற்றம் கேட்பதே கடமை. வெல்லும் கொடியவரைச் சகித்துக்கொள்வதும், தோற்கும் நல்லவரைத் தூற்றுவதும் ஒரே நோயின் இரு குறிகள்.

அன்றியும், செயலை இகழ்வது வேறு. மனிதரை இகழ்வது வேறு. “இந்த ஆட்டத்தில் இவர் வகுத்த திட்டம் தவறு” என்று சொல்ல இரசிகருக்கு முழு உரிமை உண்டு. அவரது குடும்பத்தையும் நிறத்தையும் நாட்டையும் இழுத்து ஏசுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. தோற்ற இரவில் அவரும் ஒரு வீட்டுக்குத்தான் திரும்புகிறார். அங்கே ஒரு பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நம் வாசல்வரை வரும் வினா

இவ்வழக்கு விளையாட்டரங்கத்தோடு முடிவதன்று. பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் வருகிறார் என்றாலும், கூட்டுறவுச் சங்கத்துக்குப் புதிய தலைவர் வருகிறார் என்றாலும், பங்குக்குப் புதிய தந்தை வருகிறார் என்றாலும், நாம் பேசுவது இதே பேச்சு. முந்தியவரிடம் குறை கண்டோம். அவர் சென்றபின் அவரையே அளவுகோலாக்கி வந்தவரை அளந்தோம். வருபவர் எப்படிப்பட்டவர் என்று பத்து வாய்கள் ஆராயும். வருபவருக்கு நாம் எப்படிப்பட்டவர்களாய் இருப்போம் என்று ஒரு வாயும் கேட்பதில்லை.

தலைவரைப் பற்றிப் பேசும் உரிமை எங்கிருந்து பிறக்கிறது? சுமையில் பங்கேற்பதிலிருந்தே பிறக்கிறது. வென்றால் உடனிருந்து, தோற்றால் விலகி நிற்பவர் கடைக்கு வந்த வாடிக்கையாளர். சரக்குப் பிடிக்கவில்லையெனில் வேறு கடைக்குப் போவார். தோற்ற ஆண்டிலும் இரவெல்லாம் பயணம் செய்து வெறிச்சோடிய அரங்கில் அமர்பவரே உறவினர். அவர் கடிந்து சொல்லும் சொல்லுக்கு எடை உண்டு; ஏனெனில் அச்சொல்லுக்கான விலையை அவர் கொடுத்திருக்கிறார். நாமக்கல் இளைஞர்களிடம் அந்தப் பற்று இருக்கிறது என்றே நாம் நம்புகிறோம். அதனுடன் இன்னும் சிறிது பொறுமை சேர வேண்டும் என்பதே நம் விருப்பம்.

நம் தமிழில் ‘அடுத்தவர்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒருவருக்குப் பின் வருபவரும் அடுத்தவர். நம் பக்கத்தில் நிற்கும் அயலாரும் அடுத்தவர். முதற்பொருளில் மட்டும் அவரைத் தேடும்போது, அவர் நம் ஆசையை நிறைவேற்ற வர வேண்டிய ஒரு கருவி. இரண்டாம் பொருளில் அவரைக் காணும்போது, அவர் நம் நீதிக்கும் பரிவுக்கும் உரிய ஒரு மனிதர். அடுத்தவர் யார் என்று எத்தனை தேநீர் வேண்டுமாயினும் அருந்தி வழக்காடுவோம், தவறில்லை. அவர் வந்தபின், அவரை அடுத்து நிற்பவர் யார் என்னும் வினாவுக்கு நாமே விடையாவோமாக.